டபுள் கிளிக் செய்தால் எது திறக்க வேண்டும்?

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறேன். ஒரே நாளில் பத்து தினுசு ஃபைல் வரும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப், பென்டிரைவில் நோட்டீஸ் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் பழைய ஃபைல், ஐபோன்காரர்கள் அனுப்பும் படம், பள்ளிக்கூடத்திலிருந்து சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு பாஸ்போர்ட் ஃபோட்டோவை டபுள் கிளிக் செய்ய, அது போட்டோஷாப்பில் திறக்கப் புறப்பட்டால் தீர்ந்தது. லோகோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எந்த ஃபைல் எந்த மென்பொருளில் திறக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவது பெரிய வித்தை இல்லை. ஆனால் "ஃபைல் ஓபன் ஆகல" என்று வருகிறவர்கள் மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் பட்டியல் மாறிப்போயிருக்கலாம். ஃபைலின் பெயரே தப்பாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும், அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் அந்த மெஷினில் இல்லாமல் இருக்கலாம். எது என்று பார்க்காமல் கை வைத்தால், ஒன்றைச் சரிசெய்யப் போய் நன்றாக இருக்கும் இன்னொன்றும் கெடும்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, ஃபைலின் முழுப் பெயரைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது. பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே அதை மறைத்து வைப்பதுதான் வழக்கம். விண்டோஸ் 11-இல் ஃபோல்டரைத் திறந்து மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ டேபிலேயே அந்த டிக் பெட்டி இருக்கும். கடையில் புதிதாக ஒரு மெஷின் வந்தால், பிரிண்டர் போடுவதற்கும் முன்னால் நான் செய்வது இதைத்தான்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். பிடிஎஃப் என்றால் இந்த மென்பொருள், ஜேபிஜி என்றால் அந்த மென்பொருள் என்று விண்டோஸ், தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கிறது. டபுள் கிளிக் செய்ததும் அது ஃபைலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. எக்ஸ்டென்ஷனைப் பார்க்கும், பட்டியலைப் பார்க்கும், அங்கே பெயர் இருப்பவரைக் கூப்பிடும். அவ்வளவுதான்.

பட்டியலை மாற்ற எளிய வழி, ஃபைல் மேல் ரைட் கிளிக், ஓபன் வித், சூஸ் அனதர் ஆப். வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விண்டோஸ் 11-இல் ஆல்வேஸ் என்ற பட்டனை அழுத்த வேண்டும். பக்கத்திலேயே ஜஸ்ட் ஒன்ஸ் இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். விண்டோஸ் 10-இல் கீழே ஒரு டிக் பெட்டி இருக்கும், அதைப் போடாமல் ஓகே கொடுத்தாலும் இதே கதை. "நேத்து மாத்துனேன்கா, இன்னைக்கு மறுபடியும் பழையபடி ஆயிடுச்சு" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் இவ்வளவுதான். வேண்டிய மென்பொருள் பட்டியலில் இல்லையென்றால், சூஸ் அன் ஆப் ஆன் யுவர் பிசி என்பதைக் கொடுத்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய் அதன் இஎக்ஸ்இ ஃபைலைக் காட்டலாம்.

ஒரே மூச்சில் பலவற்றை மாற்ற வேண்டுமென்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ். டிஃபால்ட் என்றால் டபுள் கிளிக் செய்ததும் தானாகத் திறக்கும் மென்பொருள். மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் புள்ளி வைத்து எக்ஸ்டென்ஷனை அடித்தால், இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். அந்தப் பெயரைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, பிரவுசரை மாற்றக்கூட ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. நிறையப் பேர் திட்டித் தீர்த்த பிறகு, 2022-இல் பிரவுசருக்கு மட்டும் ஒரே பட்டனில் வேலை முடிகிற மாதிரி செய்தார்கள். அதே பக்கத்தில் கடைசியில் ரீசெட் பட்டன் ஒன்றும் இருக்கிறது. அதை அழுத்தினால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்தது எல்லாம் போய், விண்டோஸ் முதலில் கொடுத்தது திரும்ப வரும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அதைத் தொடலாம்.

ஆல்வேஸ் கொடுத்தும் மாறுகிறதென்றால் காரணம் வேறு. நீங்கள் தேர்ந்தெடுத்ததை விண்டோஸ் யூசர்சாய்ஸ் என்ற இடத்தில் எழுதி, கூடவே ஹாஷ் என்று ஒரு ரகசிய முத்திரையும் வைக்கிறது. விண்டோஸ் 8-இலிருந்து இந்த ஏற்பாடு. ஏதாவது ஒரு மென்பொருள் உங்களைக் கேட்காமல் ரெஜிஸ்ட்ரியில் நேரடியாகத் தன் பெயரை எழுதிக்கொண்டால் முத்திரை பொருந்தாது. உடனே விண்டோஸ், டிஃபால்ட் ஒன்றை ரீசெட் செய்துவிட்டேன் என்று மூலையில் ஓர் அறிவிப்பு காட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். இலவச பிடிஎஃப் கன்வர்ட்டர்கள் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். அப்படி அடிக்கடி மாறுகிற மெஷின் வந்தால், பட்டியலைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்க மாட்டேன். கன்ட்ரோல் பேனலில் தேதி வாரியாக அடுக்கி, சமீபத்தில் ஏறியது என்ன என்று பார்ப்பேன். வேண்டாததைக் கழற்றிய பிறகுதான் டிஃபால்ட்டில் கை வைப்பது.

இன்னொன்று. இந்தப் பட்டியல் மெஷினுக்கு ஒன்று இல்லை, விண்டோஸ் லாகினுக்கு ஒன்று. என் லாகினில் எல்லாம் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலையில் கடைத் தம்பி அவன் லாகினில் திறக்கும்போது பழையபடிதான் இருக்கும். அவன் லாகினில் தனியாக மாற்ற வேண்டும். நிறைய மெஷின் வைத்திருக்கும் ஆபீஸ்களில் டிஸ்ம் என்ற கமாண்டை வைத்து ஒரு மெஷினின் பட்டியலை ஃபைலாக எடுத்து மற்றதில் ஏற்றுவார்கள். அதுவும் அதற்குப் பிறகு உருவாக்கும் லாகின்களுக்குத்தான் வேலை செய்யும், ஏற்கெனவே இருப்பவர்களைத் தொடாது. எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு அந்த வம்பெல்லாம் வேண்டாம்.

சரி, எதற்கு எதை வைப்பது? எந்த ஃபைலை எதற்காக அடிக்கடி திறக்கிறோமோ அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய மென்பொருளுக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொடுப்பது என் கணக்கில் வீண் வேலை. ஜேபிஜியை நாங்கள் நூறு முறை திறந்தால் தொண்ணூறு முறை முகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதனால் எங்களிடம் ஜேபிஜி, படம் பார்க்க மட்டுமான லேசான இர்ஃபான்வியூவில் திறக்கும். பின்னணியை வெள்ளையாக்க வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து போட்டோஷாப்புக்கு அனுப்புகிறோம். போட்டோஷாப் அதன் சொந்த வகையான பிஎஸ்டி ஃபைலுக்கு மட்டும் டிஃபால்ட்டாக இருந்தால் போதும்.

பிடிஎஃபில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பார்த்து பிரிண்ட் போட பிரவுசரே போதும், சுமாத்ரா மாதிரி லேசான ரீடரும் போதும். ஆனால் ஆதார் பிடிஎஃப் மாதிரி டிஜிட்டல் கையெழுத்து உள்ளவற்றில், வேலிடிட்டி அன்னோன் என்று கேள்விக்குறியோடு இருப்பதைப் பச்சை டிக் ஆக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கு அடோபி ரீடர்தான் வேண்டும். கையெழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, அதன் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய், சர்ட்டிஃபிகேட்டை டிரஸ்ட்டில் சேர்த்து வேலிடேட் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்ஏ என்ற வகைப் படிவங்களும் அப்படித்தான். கம்பெனி விவகாரத் துறையின் பழைய படிவங்கள் அந்த வகை. வேறு ரீடரில் திறந்தால் ப்ளீஸ் வெயிட் என்று ஒரு பக்கம் மட்டும் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவ்வளவுதான் வரும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி டவுன்லோட் செய்கிறவர்கள் உண்டு. நான் அடோபியையே டிஃபால்ட்டாக வைத்துவிட்டேன். திறக்க இரண்டு நொடி கூட ஆனாலும் பரவாயில்லை.

சிஎஸ்வி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. ஆபீஸ் ஏற்றியதும் சிஎஸ்வி எக்செல் பெயருக்குப் போய்விடும். பார்க்க வசதிதான். ஆனால் எக்செல் சிஎஸ்வியை நேராகத் திறக்கும்போது, எண் மாதிரி இருப்பதையெல்லாம் எண்ணாக்கிவிடும். ஒரு பள்ளியிலிருந்து மாணவர் பட்டியல் வந்தது. பன்னிரண்டு இலக்க ஆதார் எண்கள் இருந்த பத்தி முழுக்க 1.23457ஈ+11 என்ற தினுசில் நின்றது. அவர்கள் அங்கே எக்செலில் டபுள் கிளிக் செய்து திறந்து, ஒரு பெயரைத் திருத்தி, சேவ் கொடுத்திருக்கிறார்கள். சிஎஸ்வியாகச் சேவ் ஆகும்போது கண்ணுக்குத் தெரிவதுதான் எழுதப்படும். பின்னால் இருந்த இலக்கங்கள் போனது போனதுதான். மூல ஃபைல் அவர்களிடம் இருந்ததால் பிழைத்தார்கள். பதினாறு இலக்கக் கணக்கு எண் என்றால் இன்னும் மோசம். எக்செல் பதினைந்து இலக்கம்தான் பிடிக்கும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யத்தோடு தொடங்கும் எண்ணில் பூஜ்யம் உதிரும். தமிழ்ப் பெயர்கள் சில சமயம் புரியாத கிறுக்கலாக வரும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. மரபணு ஆராய்ச்சிக்காரர்களின் பட்டியலில் மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் ஜீன் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் பெயர் சூட்டும் குழுவே இறங்கிவந்து அந்த ஜீன்களின் பெயரை மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி எக்செலில் 2023-இல்தான் வந்தது.

அதனால் எங்கள் கடையில் சிஎஸ்வி நோட்பேடில் திறக்கும். அழகாக இருக்காது, ஆனால் எதையும் மாற்றாது. எக்செலில் வேண்டுமென்றால் முதலில் எக்செலைத் திறந்து, டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி என்று உள்ளே கொண்டுவருகிறோம். அங்கே ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 கொடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும். ஆதார், கணக்கு எண் பத்திகளை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு லோட் செய்ய வேண்டும்.

அடுத்தது பெயரே தப்பாக இருக்கும் ஃபைல்கள். இங்கே பட்டியலைத் தொடவே கூடாது.

ஒரு பெண் தேர்வு விண்ணப்பத்தோடு வந்தாள். "அக்கா, நேத்துலேர்ந்து இந்த ஃபோட்டோவ ஏத்துறேன், இன்வேலிட் ஃபைல்னே சொல்லுதுக்கா. ஜேபிஜி தான்க்கா இது." அவள் லேப்டாப்பில் எக்ஸ்டென்ஷன் மறைந்திருந்தது. காட்ட வைத்தால் ஜேஎஃப்ஐஎஃப் என்று இருக்கிறது. பிரவுசரிலிருந்து படத்தைச் சேவ் செய்யும்போது சில விண்டோஸ் மெஷின்களில் இப்படி விழும். உள்ளே இருப்பது அசல் ஜேபெக் படம்தான், பெயர் மட்டும்தான் வேறு. எஃப்2 அழுத்திக் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று மாற்றினோம், சைட் ஏற்றுக்கொண்டது.

திரும்பத் திரும்ப வராமல் இருக்க ரெஜிஸ்ட்ரியில் ஒரு திருத்தம் உண்டு. கிளாசஸ் ரூட் கிளைக்குள் மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப் என்று இறங்கி, இமேஜ்/ஜேபெக் என்பதைத் தொட்டால் வலது பக்கம் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு வரி இருக்கும். அதில் ஜேஎஃப்ஐஎஃப் என்றிருப்பதைப் புள்ளி வைத்து ஜேபிஜி என்று மாற்ற வேண்டும். கை வைக்கும் முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கி ஸ்டேட்மென்ட் ஏஎஸ்பிஎக்ஸ் என்ற பெயரில் இறங்குவதும் இதே ரகம். சைட் தன் பக்கத்தின் பெயரையே ஃபைலுக்கு வைத்து அனுப்பிவிடுகிறது, உள்ளே இருப்பது பிடிஎஃப். பெயர் மாற்றினால் திறக்கும். ஏஎஸ்பிஎக்ஸை அடோபிக்கு டிஃபால்ட் ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேவையே இல்லாத வேலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நோட்பேடைத் திறந்து ஃபைலை இழுத்து அதில் போடுங்கள். முழுக்கக் குப்பை எழுத்துகளாக வரும், பயப்பட வேண்டாம். முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறி போட்டு பிடிஎஃப் என்றே ஆங்கிலத்தில் இருக்கும். பிஎன்ஜி படத்தில் பிஎன்ஜி என்று தெரியும். ஜேபெக் படத்தில் முதல் சில எழுத்துகளுக்குள் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று வரும். பி, கே என்று இரண்டு எழுத்து நின்றால் அது ஜிப் குடும்பம். ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை. இன்றைய வேர்டு, எக்செல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அவற்றிலும் அதே பி, கே இருக்கும். எம், இசட் என்று தொடங்கினால் அது ஓடுகிற புரோகிராம், பெயர் என்னவாக இருந்தாலும் டபுள் கிளிக் செய்யாதீர்கள். பார்த்து முடித்ததும் சேவ் கொடுக்காமல் மூட வேண்டும். கொடுத்தால் ஃபைல் கெடும்.

பெயர் மாற்றினால் சரியாகிவிடும் என்ற தைரியத்தில் ஐபோன் படத்துக்கும் அதையே செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய் லேபிள் ஒட்டினால் விளக்கெண்ணெய் தேங்காய் எண்ணெய் ஆகிவிடாது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து ஐபோன்கள் படத்தை ஹெச்ஈஐசி என்ற வேறு முறையில் சேமிக்கின்றன. அதை ஜேபிஜி என்று பெயர் மாற்றி ஏற்றினால் சைட் திருப்பி அனுப்பும். விண்டோஸில் பார்க்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹெச்ஈஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன் ஏற்ற வேண்டும், ஹெச்ஈவிசி என்ற இன்னொன்றும் வேண்டும், அதற்குச் சின்னத் தொகை கேட்கும். திறந்த பிறகு சேவ் ஆஸ் கொடுத்து ஜேபிஜியாக மாற்றலாம். படம் எடுக்கும் முன்பே என்றால் ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று வைத்துவிட்டால் தொல்லையே இல்லை.

மூன்றாவது ரகத்துக்குப் பேஜ்மேக்கர்தான் நல்ல உதாரணம். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இன்றும் பல கடைகளில் அதில்தான் ஓடுகிறது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதற்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை. "போன வருஷ நோட்டீஸ்தான், தேதி மட்டும் மாத்திக் குடும்மா" என்று விழாக் கமிட்டிப் பெரியவர் பென்டிரைவை நீட்டுவார். உள்ளே பிஎம்டி ஃபைல். அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இண்டிசைனில், சிஎஸ்6 பதிப்பு வரைதான் இதைத் திறக்க முடியும். லிப்ரே ஆபீஸ் டிராவும் ஓரளவு திறக்கும்; 4.4 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆனால் திறந்தால் மட்டும் போதாது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததென்றால், அந்த எழுத்துரு மெஷினில் இல்லாதபோது தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். பெரியவர் பதறிப்போய் "என்னம்மா, வைரஸா?" என்பார். எழுத்துருவை ஏற்றினால் தமிழ் வந்துவிடும். வேலை முடிந்ததும் பிஎம்டியோடு எழுத்துரு ஃபைலையும் ஒரு பிடிஎஃபையும் சேர்த்து அதே பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

டிஃபால்ட்டை மாற்றுவது பாதுகாப்புக்கும் உதவும். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தையே ஆட்டிவைத்த ஐலவ்யூ வைரஸ், மெயிலில் காதல் கடிதம் என்ற பெயரில் வந்தது. பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி, அதற்கும் பின்னால் விபிஎஸ். விபிஎஸ் என்பது ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் எழுதிய சின்னப் புரோகிராம்; ஜேஎஸ்ஸும் அப்படித்தான். எக்ஸ்டென்ஷன் மறைந்திருந்த மெஷின்களில் டிஎக்ஸ்டி மட்டும் தெரிந்தது, வெறும் கடிதம்தானே என்று திறந்தார்கள். விபிஎஸ், ஜேஎஸ் இரண்டையும் டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் அப்படியே ஓட்டிவிடும். நான் இரண்டையும் நோட்பேடுக்கு டிஃபால்ட் ஆக்கி வைத்திருக்கிறேன். யாராவது கை தவறி டபுள் கிளிக் செய்தால் எழுத்துகள்தான் தெரியும், ஓடாது. பென்டிரைவில் ஃபோல்டர்களை ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ்களில் சில நேராகவே ஸ்கிரிப்டை ஓட்டும் புரோகிராமைக் கூப்பிடும், அவற்றை இது தடுக்காது. ஆன்டிவைரஸ் தனியாக வேண்டும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் மெஷின்களில் ஒரு விபரீதம் நடக்கும். டெஸ்க்டாப்பில் எந்த ஐகானைத் தொட்டாலும் ஒரே மென்பொருள் திறக்கும். யாரோ ஷார்ட்கட்டுக்கே ஓபன் வித் கொடுத்திருப்பார்கள். ரெஜிஸ்ட்ரியில் எக்ஸ்ப்ளோரர் கிளைக்குள் ஃபைல்எக்ஸ்ட்ஸ், அதற்குள் எல்என்கே (ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷன்), அதற்குள் இருக்கும் யூசர்சாய்ஸை மட்டும் நீக்கிவிட்டு லாக் ஆஃப் செய்து வந்தால் ஐகான்கள் பழையபடி வேலை செய்யும். விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஃபைலைத் தேர்ந்தெடுத்து கமாண்ட், ஐ அழுத்தி, ஓபன் வித் என்பதில் மாற்றிவிட்டு, கீழே சேஞ்ச் ஆல் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கவில்லையென்றால் அந்த ஒரே ஒரு ஃபைலுக்குத்தான் மாறும். லினக்ஸில் ப்ராப்பர்ட்டீஸில் ஓபன் வித் இருக்கும். அங்கே பெயரில் எக்ஸ்டென்ஷனே இல்லாவிட்டாலும் உள்ளே பார்த்து வகையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் இந்தக் கேள்வி போனிலிருந்துதான் அதிகம் வருகிறது. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் தொட்டால் விளம்பரமாகக் கொட்டும் ஏதோ ஒரு ஆப்தான் திறக்கிறது, வேறு கேட்கவே மாட்டேன் என்கிறது என்பார்கள். என்றோ ஒரு நாள் ஆல்வேஸ் அழுத்தியிருப்பார்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, அதில் ஓபன் பை டிஃபால்ட் அல்லது செட் அஸ் டிஃபால்ட், அதில் கிளியர் டிஃபால்ட்ஸ். சில போன்களில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும். அடுத்த முறை பிடிஎஃபைத் தொட்டால் எதில் திறக்க என்று போன் மறுபடி கேட்கும். அந்த ஆப்பால் வேறு உபயோகம் இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், அதே பக்கத்தில்தான் அந்த பட்டனும் இருக்கிறது.